பாத்தியிலிருந்து பெட்டி வரை: விளைபொருளின் கதையைப் படமாகச் சொல்வோம்

சந்தையில் ஒரு கடகம் வெங்காயத்தோடு இருக்கும் கமக்காரரிடம் வாங்க வருபவர், விலையைக் கேட்பதற்கு முன்னர் வேறொன்றைக் கேட்பது வழக்கம். "இது எந்த ஊர்ச் சாமான்?" என்பதே அந்தக் கேள்வி. ஊரின் பெயரைச் சொன்னதும் வாங்குபவருக்கு அந்த ஊரின் செம்மண் தெரியும். கிணற்று நீர் தெரியும். அங்குள்ள தோட்டக்காரரின் கைப்பக்குவமும் தெரியும். சுன்னாகத்திலும் சாவகச்சேரியிலும் திருநெல்வேலியிலும் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் இப்படித்தான் நடந்தது. பொருளோடு அதன் கதையும் சேர்ந்தே கைமாறியது.

இடப்பெயர்வு எமது மக்களிடமிருந்து காணியையும் கிணற்றையும் மாத்திரம் பறிக்கவில்லை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து புறப்பட்டவர்களும், அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள் ஊர் ஊராக அலைந்தவர்களும் தம்மை அறிந்த வாடிக்கைக்காரரையும் இழந்தார்கள். புதிய இடத்தில் விளைந்தது நல்ல பொருளாக இருந்தாலும் "யார் செய்தது?" என்ற கேள்விக்கு விடை சொல்ல ஆளில்லை. பெயரற்ற பொருளுக்குத் தரகர் சொல்வதே விலை. சொந்தக் காணிக்குத் திரும்பியவர்களும் இதே நிலையைக் காண்கிறார்கள். இருபது, முப்பது ஆண்டுகளில் சந்தை வேறு கைகளுக்குப் போய்விட்டது.

இழந்த இந்த அறிமுகத்தை மீண்டும் கட்டியெழுப்ப இன்று ஒரு வழி இருக்கிறது. அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் கமராவோடு கூடிய ஒரு கைத்தொலைபேசி உண்டு. பேஸ்புக், வட்ஸ்அப், யூரியூப், இன்ஸ்ரகிராம், ரிக்ரொக் ஆகிய சமூக ஊடகங்களின் வழியே ஊரில் எடுத்த படம் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் உடனே தெரிகிறது. பெரிய கம்பனிகள் இவ்வழியில் பெரும் பணம் செலவழித்து விளம்பரம் செய்கின்றன. எம்மிடம் அந்தப் பணம் இல்லை. ஆனால் விலை கொடுத்து வாங்க முடியாத ஒன்று எம்மிடம் உண்டு. அது எமது வேலையின் கதை. அதைப் படமாகச் சொல்வது எப்படி, சொல்லும்போது எதைக் காக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

அறிவித்தல் வேறு, கதை வேறு

ஒரு பைக்கற் ஒடியல் மாவை மேசையில் வைத்துப் படம் எடுத்து, "ஒடியல் மா விற்பனைக்கு உண்டு" என்று எழுதிப் போட்டால் அது ஓர் அறிவித்தல். அதைப் பார்ப்பவர் விலையை மட்டும் பார்ப்பார்; அதைவிட மலிவான பைக்கற்றைக் கண்டால் அங்கே போய்விடுவார். அதே மாவைச் செய்தவர் யார், எதைக் கொண்டு செய்தார், இடையில் என்ன இடைஞ்சல் வந்தது, அதை எப்படிச் சமாளித்தார் என்று படங்களை வரிசையாகக் காட்டினால் அது கதையாகிவிடும். கதையைப் பின்தொடர்ந்தவர் அந்த மாவையே தேடி வருவார்.

கதை சொல்லும் கலையை வெளியிலிருந்து யாரும் வந்து எமக்குக் கற்பிக்கத் தேவையில்லை. விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த மக்கள் நாம். கூத்திலே அரசன் கொலுவுக்கு வரும் முன்னர் கட்டியகாரன் வந்து சபையை ஆயத்தம் செய்கிறான். எமது முதற்படம் அந்தக் கட்டியகாரனைப் போல இருக்க வேண்டும். வரப்போவது என்ன என்ற ஆவலை அது மூட்டினால் போதும். எல்லாவற்றையும் ஒரே படத்தில் திணிக்க வேண்டியதில்லை.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தின் சின்ன வீரமங்கலம் என்ற கிராமத்தில், வேளாண்மைக் குடும்பமொன்றைச் சேர்ந்த இளைஞர்கள் தமது தாத்தா பெரியதம்பியோடு சேர்ந்து 2018இல் 'வில்லேஜ் குக்கிங் சனல்' என்ற யூரியூப் ஒளியலையைத் தொடங்கினார்கள். அலங்கார மண்டபம் எதுவும் இல்லை. வயல்வெளியில் அடுப்பு மூட்டி, அம்மியில் அரைத்து, ஒவ்வொரு சரக்கின் பெயரையும் உரத்த குரலில் சொல்லிச் சட்டியில் போட்டுச் சமைத்தார்கள். சமைத்ததை முதியோர் இல்லங்களுக்கும் ஆதரவற்றோருக்கும் கொடுத்தார்கள். 2021இல் ஒரு கோடி சந்தாதாரரைக் கடந்த முதலாவது தமிழ் யூரியூப் ஒளியலை என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. அவர்கள் பைக்கற்றில் அடைத்த பொருளை விற்கத் தொடங்கியவர்கள் அல்லர். எமது நிலைமை வேறு. ஆயினும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடங்கள் மூன்று. தம் ஊரை அவர்கள் மறைக்கவில்லை. தம் பேச்சை மாற்றவில்லை. வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வரிசையாகக் காட்டினார்கள்.

ஒடியலின் கதை: ஒரு மாதிரி

இதனை எமது பொருளொன்றில் பொருத்திப் பார்ப்போம். பனை எங்கள் முற்றத்து மரம். ஒடியல் மா ஒரு நாளில் செய்யும் பொருளன்று; பல மாதங்கள் நீளும் வேலை அது. அதனாலேயே நல்ல தொடர்கதையாகவும் அமைகிறது.

முதலாம் படம்: ஆவணி, புரட்டாதியில் விழுந்த பனம்பழத்தைப் பொறுக்கும் கை. களியைப் பினைந்து பாயில் ஊற்றிப் பனாட்டுப் போடுவதும் இந்தக் காலத்தில்தான். அதையும் ஒரு கிளைக்கதையாகக் காட்டலாம்.

இரண்டாம் படம்: பாத்தி. கொட்டைகளை அடுக்கி மண்ணால் மூடும் காட்சி. "மாரி மழை பார்த்துக்கொள்ளும், நாங்கள் தைக்குப் பிறகு வருவோம்" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

மூன்றாம் படம்: தை, மாசியில் பாத்தியைக் கிண்டிக் கிழங்கு எடுக்கும் நாள். இந்தத் தொடரின் உச்சக்கட்டம் இதுவே. மண்ணோடு வரும் கிழங்குக் கட்டைக் கண்டதும், புலம்பெயர்ந்து வாழும் ஒருவருக்குத் தம் வீட்டு வளவு நினைவுக்கு வராமல் இருக்காது.

நான்காம் படம்: தோலுரித்து, இரண்டாகக் கிழித்து, வெயிலில் காயப் போட்ட ஒடியல். அவித்துக் காயப்போட்டால் அது புழுக்கொடியல். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இரு படங்களைப் பக்கத்தில் வைத்து விளக்கலாம். கொழும்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள அவர்கள் விரும்புகிறார்கள்.

ஐந்தாம் படம்: இடித்து அல்லது அரைத்து அரித்த மா. இங்கேதான் நிறையும் விலையும் தொலைபேசி இலக்கமும் இடம்பெற வேண்டும்.

ஆறாம் படம்: கூழ்ச் சட்டியும் பிலாவிலையும். மாவைத் தண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றினால் கசப்பு நீங்கும் என்ற பக்குவத்தை இந்தப் படத்தோடு சொல்ல வேண்டும். அது தெரியாமல் வாங்கியவர் ஒரு முறை கசந்த கூழைக் குடித்தால் மறுமுறை வாங்க மாட்டார்.

இடையில் மழை வந்து, காய்ந்துகொண்டிருந்த ஒடியலைப் பாயோடு தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குள் ஓடியிருந்தால் அதையும் படமெடுங்கள். பாத்தியில் ஒரு பகுதி முளைக்காமல் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். இடைஞ்சலை ஒளிக்காதவர் பொருளின் குறையையும் ஒளிக்க மாட்டார் என்று வாங்குபவர் நம்புவார். புரட்டாதியில் பாத்தியைப் பார்த்தவர் மாசியில் தாமாகவே, "மா எப்போது வரும்?" என்று கேட்பார். முன்கூட்டியே வரும் அந்தக் கேள்வியே எமக்குரிய சந்தை. எத்தனை கிலோ தேவை என்பதை அறிந்தபின் அரைத்தால் பொருள் தேங்காது. தரகரிடம் கெஞ்சவும் தேவையில்லை.

மன்னார்க் கருவாட்டுக்கும், முல்லைத்தீவுக் கச்சானுக்கும், மட்டக்களப்பு எருமைத் தயிருக்கும், மருதமுனை நெசவுக்கும் இதே முறை பொருந்தும்.

படம் எடுக்கும் முறை

விலையுயர்ந்த தொலைபேசி வேண்டியதில்லை. பின்வருவனவற்றைக் கவனித்தால் போதும்.

முதலில் கமராக் கண்ணாடியைச் சுத்தமான பருத்தித் துணியால் துடையுங்கள். தோட்டத்தில் சட்டைப்பையில் கிடக்கும் தொலைபேசியில் வியர்வையும் எண்ணெயும் படிந்திருக்கும். படம் மங்கலாக வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

காலை வெயிலிலும் பின்னேர வெயிலிலும் படம் எடுங்கள். உச்சி வெயிலில் முகம் கறுத்து, பொருள் வெளிறிப் போகும். வீட்டுக்குள் என்றால் கதவோரமாகப் பொருளை வைத்து, வெளிச்சம் பக்கத்திலிருந்து விழும்படி பாருங்கள்.

பின்னணியில் வாளியும் செருப்பும் தெரியாதபடி ஒரு பனையோலைப் பாயையோ சுளகையோ வையுங்கள். பொருளின் பருமன் தெரிய ஒரு கையோ தேங்காய்ச் சிரட்டையோ அருகில் இருக்கட்டும்.

தூரத்தில் நின்று ஒன்று, கிட்ட நின்று ஒன்று, கைகளை மட்டும் ஒன்று என மூன்று படங்கள் எடுங்கள். வேலை செய்யும் கைகளைக் காட்டும் படம் பலமுறை முகத்தைவிட அதிகமாகப் பேசும்.

வீடியோ என்றால் தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்து ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். சினிமாப் பாட்டு எதையும் சேர்க்க வேண்டாம். உலக்கை விழும் ஓசையும் அம்மம்மாவின் பேச்சும் போதும். பிறருடைய பாட்டைப் பாவித்தால் உரிமைப் பிரச்சினை வரவும் இடமுண்டு.

எங்கே போடுவது?

வட்ஸ்அப்பிலிருந்து தொடங்குவது நல்லது. 2018இல் வெளியான வட்ஸ்அப் பிஸ்னஸ் என்ற இலவசச் செயலியில் பொருட்களின் படத்தையும் விலையையும் பட்டியலாக வைத்திருக்க முடியும். 'ஸ்ரேற்றஸ்' பகுதியில் போடும் படம் 24 மணித்தியாலங்களில் மறைந்துவிடும். ஆகவே அன்றன்றைய வேலையைக் காட்டுவதற்கு அது ஏற்றது. ஒரே செய்தியை 256 பேர் வரை தனித்தனியாக அனுப்பும் வசதியும் உண்டு. ஆயினும் உங்கள் இலக்கத்தைத் தம் தொலைபேசியில் பதிந்து வைத்தவர்களுக்கே அது போய்ச் சேரும். எனவே பொருள் வாங்கும் ஒவ்வொருவரிடமும், "எங்கள் நம்பரைச் சேமித்து வையுங்கோ" என்று சொல்லப் பழகுங்கள்.

பேஸ்புக் பக்கம் அறிமுகமில்லாதவரையும் எட்டும். ஆனால் பக்கத்தை விரும்பியவர்கள் எல்லோருக்கும் நீங்கள் போடுவது காட்டப்படுவதில்லை. யாருக்கு எதைக் காட்டுவது என்பதைக் கம்பனியின் கணினியே தீர்மானிக்கிறது. காசு கொடுத்தால் கூடுதலானோருக்குக் காட்டும். தொடக்கத்தில் அந்தச் செலவைத் தவிர்த்து, கிழமைக்கு இரு படங்களைத் தவறாமல் போட்டு வாருங்கள்.

இந்த ஊடகங்கள் எமது சொந்தக் காணியல்ல என்பதையும் மறக்கலாகாது. எமது நாட்டில் 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்ரலிலும் அரசாங்கம் சமூக ஊடகங்களைத் தற்காலிகமாக முடக்கியது. 2021 ஒக்ரோபர் 4ஆந் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்ரகிராம் மூன்றும் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணித்தியாலங்கள் செயலிழந்தன. ஆகவே வாங்குபவரின் பெயர், இலக்கம், ஊர் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். திரை இருண்டாலும் கொப்பி திறக்கும். பிறர் ஏவலில் ஊர்விட்டு ஊர் போன எமக்கு இந்த முன்னெச்சரிக்கையின் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை.

பொய் கலவாத படம்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். படத்தை நம்பிக் காசு அனுப்புபவர் தீர விசாரிக்க வழியில்லாதவர். அவருக்காக நாமே நேர்மையாக இருக்க வேண்டும்.

மிளகாய்த்தூளின் சிவப்பைத் தொலைபேசியில் கூட்டிக் காட்டுவதும், வேறொருவரின் படத்தை எடுத்து எமது பொருள் என்று போடுவதும் ஏமாற்று. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இல்லாத தோட்டத்தை உருவாக்கிக் காட்டுவது இன்று மிகச் சுலபம். சுலபமாக வந்த அந்தப் படம், பொதி கைக்குக் கிடைத்த அன்றே வாடிக்கையை அழித்துவிடும். பொய்ப்படங்கள் மலிந்துவரும் இக்காலத்தில் மெய்ப்படத்தின் விலை கூடுகிறது என்பதே எமது எண்ணம்.

1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், உணவுப் பொருளைப் பொய்யாகவோ மயக்கம் தரும் வகையிலோ விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. ஒடியல் கூழ் உடம்புக்கு நல்லது என்று எமது பெரியோர் சொல்வார்கள். அதற்காக "நீரிழிவைக் குணமாக்கும்" என்று படத்தின் கீழே எழுதக்கூடாது. பைக்கற்றில் அடைத்து விற்பதானால் சுட்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

வேதனையை விலைக்கு வைக்க வேண்டாம்

எல்லாவற்றிலும் முக்கியமாக நாம் சொல்ல விரும்புவது இதுவே. இடம்பெயர்ந்த எமது மக்களை இதுகாலவரை படமெடுத்தவர்கள் பெரும்பாலும் வெளியார். முகாமின் தறப்பாள் கொட்டில், வரிசையில் நிற்கும் தாய், அழும் குழந்தை என்பனவே அவர்கள் எடுத்த படங்கள். அவற்றால் உதவி கிடைத்தது உண்டு. ஆனால் அந்தப் படங்களில் இருந்தவர்களிடம் பெயர் கேட்கப்பட்டதோ சம்மதம் கேட்கப்பட்டதோ அரிது. அவர்கள் வெங்காயம் நடத் தெரிந்தவர்கள், மாடு வளர்க்கத் தெரிந்தவர்கள், கிணறு இறைக்கத் தெரிந்தவர்கள் என்பதை அந்தப் படங்கள் சொல்லவில்லை.

இன்று கமரா எமது கையில் இருக்கிறது. அதே படத்தை நாமே எடுத்து, "இடம்பெயர்ந்த குடும்பம், உதவி செய்யுங்கள்" என்று எழுதி மாவை விற்கலாம். ஒரு முறை விற்கும். இரக்கத்தால் வாங்குபவர் ஒரு முறை வாங்கித் தம் மனத்தை ஆற்றிக்கொள்வார். சுவையால் வாங்குபவரே மாதா மாதம் வாங்குவார். அத்தோடு, எமது பிள்ளைகள் தம்மைத் தாமே எப்படிப் பார்க்கப் போகிறார்கள் என்பதையும் நாம் போடும் படங்கள் தீர்மானிக்கின்றன. பட்ட பாட்டை மறைக்கச் சொல்லவில்லை. "மூன்று முறை இடம்பெயர்ந்தோம், நான்காம் முறை இந்தப் பாத்தியைப் போட்டோம்" என்று ஒரு தாய் நிமிர்ந்து நின்று சொன்னால் அது அவருடைய வரலாறு. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும்.

பாதுகாப்புக்காகச் சில விடயங்கள். பிள்ளைகளின் முகத்தையும் பாடசாலைச் சீருடையையும் வியாபாரப் படத்தில் சேர்க்க வேண்டாம். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை ஆகியவை படத்தில் தெரியக்கூடாது. பெண்கள் தனித்து வாழும் வீடானால் வீட்டின் அடையாளம் தெரியும்படி எடுக்காதீர்கள். சங்கத்தின் முகவரியையும் தொலைபேசியையும் கொடுங்கள். கூலிக்கு வந்தவரைப் படம் எடுப்பதானால் அவரின் சம்மதத்தைக் கேளுங்கள். வங்கியிலிருந்து வரும் இரகசிய இலக்கத்தை எவர் கேட்டாலும் சொல்ல வேண்டாம். பணம் போட்டதாக ஒருவர் துண்டின் படத்தை அனுப்பினால், கணக்கில் காசு விழுந்ததை உறுதி செய்த பின்னரே பொதியை அனுப்புங்கள்.

கணக்கும் கூட்டும்

சந்தையில் ஒரு கிலோவுக்கு 400 ரூபா தரப்படுகிறது, நீங்கள் நேரடியாக 700 ரூபாவுக்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 300 ரூபா என்று மகிழ வேண்டாம். பைக்கற், சுட்டி, பொதி அனுப்பும் கூலி, தொலைபேசி டேற்றா, வழியில் உடைந்து திரும்பும் பொருள் ஆகியவற்றுக்கு 180 ரூபா போனால் மிஞ்சுவது 120 ரூபாதான். படம் எடுக்கவும் பதில் சொல்லவும் செலவான நேரமும் அதற்குள்ளே அடங்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாவிட்டால் விருப்பக் குறிகள் கூடும்; வீட்டில் அரிசி கூடாது.

தனித்தனியாகச் செய்வதைவிடப் பத்துக் குடும்பங்கள் கூடிச் செய்வது மேல். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ கூட்டுறவுச் சங்கமோ ஒரே பெயரில், ஒரே இலக்கத்தில் இதை நடத்தலாம். தொலைபேசியில் கெட்டிக்காரரான ஓர் இளைஞரோ யுவதியோ படம் எடுக்கட்டும். பாத்தி போடத் தெரிந்த பெரியவர் கதை சொல்லட்டும். நிறையைச் சரிபார்க்க ஒருவர், கணக்கெழுத ஒருவர் என்று பொறுப்பைப் பிரியுங்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. படம் எடுக்க வந்த பேத்தி அம்மம்மாவிடம் பாத்தி போடும் முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்வாள். விற்பனை குறைந்த ஆண்டிலும் அந்த அறிவு வீட்டில் தங்கும்.

அன்பார்ந்த வாசகர்களே, இந்தப் போகத்தில் ஒரே ஒரு பொருளைத் தெரிந்தெடுங்கள். அது கத்தரி நாற்றாக இருக்கலாம், முருங்கைக்காயாக இருக்கலாம், கோழி முட்டையாகவும் இருக்கலாம். விதைப்பு முதல் விற்பனை வரை ஆறு படங்கள் எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் உங்கள் வீட்டுப் பேச்சில் இரண்டு வரி எழுதுங்கள். முதலில் உங்களை அறிந்த இருபது பேருக்கு அனுப்புங்கள். அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கவனித்து அடுத்த படத்தை எடுங்கள். "இது எந்த ஊர்ச் சாமான்?" என்று எங்கோ இருக்கும் ஒருவர் கேட்கும்போது, அதற்கு விடை சொல்பவர் தரகராக இல்லாமல் நீங்களாக இருக்க வேண்டும்.